பசுமை என்று எழுதுவதற்கு முன்: சிறு தொழில்களுக்கும் அறக்கட்டளைகளுக்கும் சமூக ஊடகச் செய்முறை

துணிப்பை தைத்து விற்கிறீர்கள். அல்லது ஊர் ஏரியைச் சீர்செய்யும் அறக்கட்டளை நடத்துகிறீர்கள். செய்வது நல்ல வேலைதான். ஆனால் அதை இன்ஸ்டாகிராமில் போட உட்கார்ந்தால், கை தானாக ‘சுற்றுச்சூழலுக்கு உகந்தது’, ‘இயற்கையைக் காப்போம்’ என்று எழுதிவிடுகிறது. கூடவே ஒரு பச்சை இலைப் படம். இதே வரியையும் இதே இலையையும் ஆற்றில் கழிவு விடும் ஆலையும் போடலாம். படிப்பவருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை.

அதனால் இங்கே லோகோ, கலர் எல்லாம் பின்னால்தான் வரும். பெரிய சொல்லை விட்டுவிட்டு, சின்னதாக ஒன்றைச் சொல்லி, அதைக் காட்டியும் விடுவது எப்படி என்பதுதான் முதல் பாடம். விளக்க வசதியாக இரண்டு கற்பனை உதாரணங்களை எடுத்துக்கொள்கிறேன்: திருப்பூரில் பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட்டில் பை தைக்கும் ஒரு மகளிர் குழு; ஏரிக்கரையில் மரம் நட்டுப் பராமரிக்கும் ஓர் அறக்கட்டளை.

படி 1: ஒரே ஒரு பொருளுக்குக் கணக்கு எழுதுங்கள்

ஒரு நோட்டு எடுங்கள். நீங்கள் விற்பவற்றில் ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து, அது எங்கிருந்து வருகிறது, சாயம் எங்கே போட்டது, எவ்வளவு வீணாகிறது, எதில் பொட்டலம் கட்டுகிறோம், தைப்பவருக்கு என்ன கூலி என்று எழுதுங்கள். தெரியாத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள். அந்தக் கேள்விக்குறிகள்தான் அடுத்து விசாரிக்க வேண்டியவை.

திருப்பூரில் சாயக் கேள்வியைத் தாண்டிப் போக முடியாது. நொய்யல் ஆற்றில் கலந்த சாயக்கழிவுக்காக 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கிருந்த சாய ஆலைகளை மூடவே உத்தரவிட்டது. கழிவுநீரை வெளியே விடாமல் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்தும் முறைக்கு வந்தால்தான் இயங்கலாம் என்ற நிலை ஏற்பட்டது. ‘இந்தத் துணிக்குச் சாயம் போட்ட இடம் எது?’ என்று வாடிக்கையாளர் கேட்டால் பதில் உங்களிடம் இருக்க வேண்டும்.

இன்னொரு உதாரணம். துணிப்பை என்றாலே நல்லது என்று நினைக்கிறோம். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் முகமை 2018-இல் கடைப்பைகளை ஒப்பிட்டு ஓர் ஆய்வு வெளியிட்டது. பருவநிலைப் பாதிப்பை மட்டும் பார்த்தால், ஒரு பருத்திப் பையை 52 முறையாவது பயன்படுத்தினால்தான் அது அங்குள்ள கடைகளின் பிளாஸ்டிக் பைக்கு ஈடாகும் என்றது. ஓசோன் படலப் பாதிப்பு, தண்ணீர்ச் செலவு என்று எல்லா அளவுகோல்களையும் சேர்த்தால் 7,100 முறை. இதை வைத்துத் துணிப்பையே வேண்டாம் என்று சொல்வோரும் உண்டு. அது சரியில்லை. தெருவில் வீசப்பட்ட பை வாய்க்காலை அடைப்பதையும் மாட்டின் வயிற்றுக்குள் போவதையும் அந்த ஆய்வு கணக்கில் எடுக்கவில்லை. டென்மார்க்கில் அது பெரிய பிரச்சினையாக இல்லை, நமக்கு இருக்கிறது. ஆனாலும் அந்த எண்களை நான் மதிக்கிறேன். பை எத்தனை வருஷம் உழைக்கிறது, துணி புதியதா மிச்சத் துணியா என்ற இரண்டும்தான் கணக்கை மாற்றுகின்றன. உங்கள் பிராண்டு பேச வேண்டியதும் அந்த இரண்டைப் பற்றித்தான்.

படி 2: ஒரு வரி வாக்குறுதி எழுதுங்கள்

நோட்டில் உள்ளதிலிருந்து, நிரூபிக்கக்கூடிய ஒன்றை மட்டும் எடுங்கள். ‘பைக்காகப் புதுத்துணி வாங்குவதில்லை’ என்பது நல்ல வரி. ‘பூமியைக் காக்கும் பை’ என்பது வெறும் ஆசை.

இதில் சட்டமும் இருக்கிறது. மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 அக்டோபரில், ஆதாரமில்லாமல் பசுமை என்று சொல்லிக்கொள்ளும் ‘பசுமைப் பூச்சு’ விளம்பரங்களைத் தடுக்க வழிகாட்டு நெறிமுறைகள் வெளியிட்டது. பசுமையானது, இயற்கையானது, சுற்றுச்சூழலுக்கு உகந்தது போன்ற பொதுச் சொற்களை, சரியான விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் பயன்படுத்தக் கூடாது. நீங்கள் சொல்வது முழுப் பொருளுக்கா, ஒரு பாகத்துக்கா, பொட்டலத்துக்கு மட்டுமா என்றும் தெளிவாகச் சொல்ல வேண்டும். விளம்பரத்தில் இடம் போதாவிட்டால் க்யூஆர் கோடு அல்லது இணைய இணைப்பு மூலம் விவரத்தைத் தரலாம். தவறான விளம்பரத்துக்கு 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி ரூ.10 லட்சம் வரையும், மறுபடி செய்தால் ரூ.50 லட்சம் வரையும் அபராதம் விதிக்க முடியும்.

‘மக்கும் பிளாஸ்டிக்’ கவர் வாங்குபவர்கள் கூடுதல் கவனமாக இருங்கள். அப்படிப்பட்ட கவர் தயாரிப்பவர் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் பெற்றிருக்க வேண்டும். சப்ளையரிடம் அதைக் கேளுங்கள். தர மறுத்தால் பழைய செய்தித்தாளே மேல்.

படி 3: முத்திரைகள்

உணவுப் பொருளில் ‘ஆர்கானிக்’ என்று எழுத வேண்டுமானால், இரண்டு சான்று வழிகள் உள்ளன. ஒன்று தேசிய அங்கக (ஆர்கானிக்) உற்பத்தித் திட்டம். தமிழ்நாட்டில் விதைச் சான்று மற்றும் அங்ககச் சான்றளிப்புத் துறை மூலம் இதைப் பெறலாம். மற்றது பிஜிஎஸ் இந்தியா. விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் வயலை மற்றவர் சரிபார்க்கும் முறை, செலவு குறைவு. கைத்தறி என்றால் கைத்தறி முத்திரை இருக்கிறது. முத்திரை இல்லாவிட்டால் நீங்களே ஒரு பச்சை வட்டம் வரைந்து ஒட்டாதீர்கள். என்ன செய்கிறீர்கள் என்பதை வாக்கியமாக எழுதினாலே போதும்.

படி 4: பெயர், நிறம், பொட்டலம்

இரண்டு நிறம், ஒரு எழுத்துரு, தமிழில் தெளிவாக வாசிக்கக்கூடிய ஒரு பெயர். ஒரு மாலையில் முடித்துவிடலாம்.

இதில் எனக்குப் பிடித்த பாடம் மஞ்சப்பையில் இருக்கிறது. கல்யாண வீட்டில் தாம்பூலத்தோடு கொடுத்த பை, மணமக்கள் பெயருடன் பல வருஷம் காய்கறிக் கடைக்குப் போய் வந்தது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழ்நாடு தடை செய்தபோதும், 2021 டிசம்பரில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தை அரசு தொடங்கியபோதும், மக்களுக்கு அதை விளக்கவே தேவைப்படவில்லை. பொருள் உழைத்தால் பெயரும் கூடவே ஊர் சுற்றும். அதனால் லோகோவைச் சின்னதாகப் போடுங்கள். பை முழுக்க விளம்பரம் இருந்தால் எடுத்துப்போகக் கூச்சப்படுவார்கள்.

படி 5: ஓரிடத்தில் மட்டும் கடை விரியுங்கள்

எல்லாத் தளத்திலும் கணக்குத் திறந்து, மூன்றாம் மாதம் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிடுவது பலருக்கும் நடக்கிறது. வாங்குபவர்கள் உள்ளூர்க்காரர்கள் என்றால் வாட்ஸ்அப் பிசினஸ் போதும்: பொருள்களைப் படத்தோடும் விலையோடும் அடுக்கும் வசதி அதில் இலவசம். ஒன்றைக் கவனியுங்கள்: பிராட்காஸ்ட் பட்டியல் போட்டுப் பலருக்கு ஒரே நேரத்தில் அனுப்பும் செய்தி, உங்கள் எண்ணைத் தங்கள் போனில் சேமித்தவர்களுக்கு மட்டுமே போய்ச் சேரும். எனவே பில்லோடு ‘எங்கள் எண்ணைச் சேமித்துக்கொள்ளுங்கள்’ என்று ஒரு சீட்டு வையுங்கள். அப்புறம், கூகுள் மேப்பில் உங்கள் இடத்தைப் பதிந்து, திறக்கும் நேரத்தையும் போன் எண்ணையும் சரியாகக் கொடுங்கள். வெளியூர் ஆர்டரோ நன்கொடையோ வேண்டுமென்றால் இன்ஸ்டாகிராம் அல்லது பேஸ்புக், இரண்டில் ஒன்று.

படி 6: பதிவு எழுதுவது

முதலில், வழக்கமாக எழுதப்படும் பதிவு:

*‘இயற்கையைக் காப்போம்! எங்கள் சூழல் நேயப் பைகளை வாங்கிப் பயன்பெறுவீர்!’*

இப்போது நோட்டைப் பார்த்து எழுதியது:

*‘பனியன் கம்பெனியில் வெட்டி மிஞ்சிய துணியில் தைத்த பை. நூலும் கைப்பிடி நாடாவும் மட்டும் புதுசு. பனியன் துணி இழுபடும் என்பதால் இரட்டையாக வைத்துத் தைத்திருக்கிறோம். ஐந்து கிலோ அரிசி போட்டுத் தூக்கிய வீடியோ இதோ. கைப்பிடி பிய்ந்தால் கொண்டுவாருங்கள், காசில்லாமல் தைத்துத் தருகிறோம்.’*

இரண்டாவதில் ‘பசுமை’ என்ற சொல்லே இல்லை. குறையை (துணி இழுபடும்) சொல்லி, அதற்கு என்ன செய்தோம் என்றும் சொல்லியாயிற்று. வாங்குபவர் நம்புவது அந்த இடத்தில்தான்.

அறக்கட்டளைக்கு வருவோம். ‘1,000 மரக்கன்றுகள் நட்டோம்’ என்று விருந்தினர் கையில் கன்றோடு நிற்கும் படத்தை எத்தனையோ முறை பார்த்துவிட்டோம். நட்ட எண்ணிக்கையோடு, இரண்டாவது கோடையைத் தாண்டி நிற்கும் எண்ணிக்கையையும் போடுங்கள். பாதி செத்துப்போயிருந்தாலும் போடுங்கள். ஆடு மேய்ந்ததா, தண்ணீர் ஊற்ற ஆளில்லையா, அந்த மண்ணுக்கு ஒத்துவராத மரமா என்று காரணத்தையும் எழுதுங்கள். படம் எடுக்கும்போது மதகு மாதிரி அசையாத ஓர் இடத்தில் நின்று, மாதம் ஒருமுறை அதே கோணத்தில் எடுங்கள். ஒரு வருஷத்தில் 12 படங்கள் சேரும். அதைவிட வலுவான விளம்பரத்தை எந்த ஏஜென்சியாலும் செய்து தர முடியாது.

வீடியோவில் பேசினால் தமிழில் எழுத்து ஓடவிடுங்கள். பஸ்ஸில் சத்தம் வைக்காமல் பார்ப்பவர்களுக்கும், காது கேளாதவர்களுக்கும் அது வேண்டும்.

படி 7: முகமும் பணமும்

குழந்தைகளுக்காக வேலை செய்யும் அமைப்புகள் இதைத் தயவுசெய்து தவிர்க்காமல் படியுங்கள். காப்பகத்தில் இருக்கும், பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைகளின் பெயர், முகம், பள்ளி என அடையாளம் காட்டும் எதையும் வெளியிட 2015 சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. சட்டம் தொடாத இடத்திலும், உதவி வாங்கும் ஒருவரைக் கண்ணீரோடு படம் பிடித்துப் போடாதீர்கள். அந்தப் படம் அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் போனிலும் தெரியும். அனுமதி கேளுங்கள், ‘வேண்டாம்’ என்றாலும் உதவி நிற்காது என்று முதலிலேயே சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

நன்கொடை கேட்கும் பதிவில் எதற்கு, எவ்வளவு, எப்போது கணக்குக் காட்டுவோம் என்ற மூன்றும் இருக்கட்டும். நன்கொடை தருபவருக்கு வருமான வரிச்சலுகை கிடைக்கும் பதிவு (80ஜி என்று அறியப்படுவது) இருந்தால் எழுதுங்கள், ரூ.2,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வரிச்சலுகை கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். சிங்கப்பூரிலும் கனடாவிலும் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் பதிவைப் பார்த்து உடனே பணம் அனுப்ப விரும்புவார்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாகத் தந்தால் சிக்கலில்லை. வெளிநாட்டுக் குடியுரிமை பெற்றுவிட்டவர் தந்தால் அது வெளிநாட்டு நிதி. பூர்விகம் இங்கே என்பது கணக்கில் வராது. வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவோ முன் அனுமதியோ இல்லாமல் வாங்கக் கூடாது. எனவே க்யூஆர் கோடுக்குக் கீழேயே இதை ஒரு வரியில் எழுதிவிடுங்கள்.

படி 8: தொடர்ந்து செய்ய ஒரு திட்டம்

வாரம் ஒரு பதிவு போதும். மாதத்தின் முதல் வாரம் கணக்கு அல்லது அளவீடு, இரண்டாம் வாரம் வேலை நடக்கும் விதம், மூன்றாம் வாரம் வாடிக்கையாளர் அல்லது தன்னார்வலர் கேட்ட கேள்விக்குப் பதில், நான்காம் வாரம் விற்பனை அல்லது நன்கொடை வேண்டுகோள். படங்களை வேலை நடக்கும்போதே எடுத்து ஒரே போல்டரில் போட்டுவையுங்கள்.

லைக் எண்ணிக்கையை நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். மறுபடி வாங்கியவர் எத்தனை பேர், பிய்ந்த பையைத் தைக்கக் கொண்டுவந்தவர் எத்தனை பேர், பதிவைப் பார்த்து ஏரிக்கரைக்கு நேரில் வந்தவர் எத்தனை பேர் என்று அதே நோட்டில் எழுதுங்கள். யாராவது கமெண்டில் ‘சாயத் துணிதானே, இதில் என்ன நல்லது?’ என்று கேட்டால் அழிக்காதீர்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள். நோட்டில் இன்னும் கேள்விக்குறியாக இருந்தால், ‘விசாரித்துக்கொண்டிருக்கிறோம், இந்தத் தேதிக்குள் சொல்கிறோம்’ என்று பதில் எழுதி, அந்தத் தேதியைக் காலண்டரில் குறித்துவையுங்கள்.