மலையகத்தில் புதுச் சுவருக்குப் பெயின்ட் அடிப்பது எப்படி

பூச்சு வேலை முடிந்து 28 நாள் போனால் பெயின்ட் அடிக்கலாம் என்று ஹார்ட்வெயார் கடையில் சொல்வார்கள். வெயிலும் காற்றும் உள்ள தாழ்நிலத்துக்கு அந்தக் கணக்குச் சரி. 1,868 மீற்றர் உயரத்தில், சராசரி வெப்பநிலை 16 பாகை செல்சியஸ் அளவில் இருக்கும் நுவரெலியாவுக்கு அது ஒத்துவராது. ஹட்டன், மஸ்கெலியா, தலவாக்கலைப் பக்கம் அடைமழையில் பூசிய சுவர் இரண்டு மாதம் போன பிறகும் உள்ளே ஈரமாக இருக்கும். நாட்காட்டியை மறந்துவிட்டுச் சுவரைப் பாருங்கள்.

புதுப் பூச்சில் இரண்டு தொல்லைகள் உண்டு. ஒன்று தண்ணீர். மற்றது காரம். சீமெந்து இறுகும்போது கல்சியம் ஹைட்ரொக்சைட் உண்டாகிறது. அதனால் புதுச் சுவரின் pH, அதாவது காரத்தின் அளவு, 12க்கு மேலே நிற்கும். காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு மெல்ல உள்ளே போகப் போகத்தான் அந்தக் காரம் மேற்பரப்பிலிருந்து தணியும். சுண்ணாம்பு கலந்து மினுக்கிய உட்சுவருக்கும் இதே கதைதான். பொறுக்காமல் அடித்தால் கடும் நிறங்கள் திட்டுத்திட்டாக வெளுக்கும், உப்புப் பூக்கும், தோல் உரியும். சமையலறையில் இடுப்பளவுக்கு எனாமல் அடிக்கும் வழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. எனாமலில் உள்ள எண்ணெயைக் காரம் சவர்க்காரமாக மாற்றிவிடும். பெயின்ட் பிசுபிசுத்துக் கையோடு வரும். புது வீட்டில் அந்த இடத்துக்குக் கழுவக்கூடிய எமல்ஷன் (தண்ணீரில் கரைக்கும் பெயின்ட்) போதும். எனாமல்தான் வேண்டுமென்றால் ஒரு வருடம் கழித்து அடிக்கலாம்.

காயவிடுவதற்கு முன் நனைக்க வேண்டும். பூசிய மறுநாளிலிருந்து 7 நாள் சுவருக்குத் தண்ணீர் தெளிக்காவிட்டால் பூச்சு மாவு மாதிரி உதிரும். அதற்கு எந்தப் பெயின்டும் மருந்தல்ல. அதன் பிறகே காயவிடும் காலம் தொடங்குகிறது. மலையில் ஜன்னல்களை நாள் முழுக்கத் திறந்து வைப்பது பிழை. காலை 10 மணியளவில் திறந்து, பின்னேரம் பனிமூட்டம் இறங்குமுன் மூடிவிடுங்கள். மூட்டம் உள்ளே வந்தால் காய்ந்ததைவிட அதிகமாகச் சுவர் குடிக்கும். அறையைப் பூட்டிக் கரிச்சட்டி வைத்துக் காயவைப்பவர்களும் இருக்கிறார்கள். அது உயிரோடு விளையாடுவது. கரிப்புகையில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணம் கிடையாது, ஆளைக் கொன்றுவிடும். மண்ணெண்ணெய் அடுப்பும் உதவாது, எரியும்போது அதுவே நீராவியை வெளிவிடும்.

பருவத்தையும் பார்க்க வேண்டும். மேற்குச் சரிவில் மே முதல் செப்டெம்பர் வரை தென்மேல் பருவமழை. அங்கே ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை வேலைக்கு நல்லது. பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் வடகீழ் மழை டிசம்பர் முதல் பெப்ரவரி வரை. அங்கே ஜூன் முதல் ஓகஸ்ட் வரை காய்ந்த காலம். ஒக்டோபர், நவம்பரில் இரண்டு பக்கமும் மழை என்பதால் வெளிச்சுவரைத் தொட வேண்டாம்.

சுவர் காய்ந்ததா என்று அறிய ஒன்றரை அடிச் சதுரத்தில் தெளிந்த பொலித்தீனை வெட்டி, நான்கு ஓரமும் டேப்பால் இறுக்கி ஒட்டி, ஒரு நாள் விடுங்கள். உட்பக்கம் வியர்த்திருந்தாலோ அந்த இடம் கறுத்திருந்தாலோ இன்னும் 2 கிழமை பொறுக்க வேண்டும். தரையிலிருந்து ஒரு அடி உயரத்திலும், வெயில் படாத சுவரிலும் கட்டாயம் ஒட்டிப் பாருங்கள். காரத்துக்கு மஞ்சள் போதும். மஞ்சள் தூளை மழைத் தண்ணீரில் கரைத்து, மறைவான மூலையில் தடவுங்கள். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு பட்டதும் சிவக்கிறதே, அதே வேலைதான் சுவரிலும் நடக்கும். பட்ட உடனே இரத்தச் சிவப்பானால் காரம் கடுமை. இலேசாகச் செம்மஞ்சளாக மாறினால் காரம் தாங்கும் ப்ரைமர் (பெயின்டுக்கு முன் அடிக்கும் அடிக்கோட்) போட்டு வேலையைத் தொடரலாம்.

வீட்டுக்குப் பின்னால் மண்மேடு வெட்டியிருந்தால் இந்தச் சோதனையெல்லாம் பிறகு. மேட்டுத் தண்ணீர் பின்சுவரில் ஊறும்வரை அது காயாது. முதலில் சுவருக்கும் மேட்டுக்கும் நடுவே கான் வெட்டி, தண்ணீர் ஓடும் சரிவு கொடுத்து, கூரைப் பீலியின் தண்ணீர் சுவரடியில் விழாமல் திருப்பிவிட வேண்டும். இந்தச் சின்ன வேலையைத் தள்ளிப்போட்டுப் பெயின்டை வீணாக்குவதில் அர்த்தமில்லை.

சுவர் தயாரானதும் விரல் முட்டியால் எல்லா இடமும் தட்டிப் பாருங்கள். பொள்ளென்று சத்தம் வரும் இடத்தில் பூச்சு பிடிக்கவில்லை. அதைக் கொத்தி எடுத்துத் திரும்பப் பூசி, அந்த இடம் மறுபடி காயும்வரை காத்திருக்க வேண்டும். வெள்ளையாக உப்புப் பூத்திருந்தால் காய்ந்த பிரஷால் தேய்த்து உதிர்க்க வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினால் உப்பு கரைந்து உள்ளே போய் மறுபடி வரும். ஒரு கிழமையில் திரும்பப் பூத்தால் சுவர் இன்னும் காயவில்லை என்று அர்த்தம். மயிரிழை வெடிப்புகளை ஸ்கிரேப்பர் முனையால் V வடிவில் கீறி, தூசி தட்டி, அக்ரிலிக் ஃபில்லரால் அடைக்கவும். அப்படியே மேலே பூசினால் அதே கோடு மறுபடி தெரியும். துருத்திய மணலையும் சீமெந்துச் சொட்டையும் 80 இலக்க சாண்ட் பேப்பரால் தேய்த்து எடுக்கவும்.

வோல் ஃபில்லரை (சுவரை மழமழப்பாக்கும் பசையை) இரண்டு மெல்லிய கோட்டாக இழுங்கள், இரண்டும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீற்றரைத் தாண்ட வேண்டாம். தடித்துப் போனால் வெடிக்கும். மேசன் விட்ட பள்ளத்தை ஃபில்லரால் நிரப்புவது அதற்கான வேலையே அல்ல. காய்ந்ததும் 150, பிறகு 220 இலக்கத்தால் தேய்க்கவும். விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்தால் மேடு பள்ளம் நிழலாகத் தெரியும். மூக்குக்கு முகமூடி அவசியம். வெளிச்சுவருக்கும் குளியலறைக்கும் உட்சுவர் ஃபில்லரைப் போட்டால் ஈரத்தில் களியாகிவிடும். ப்ரைமர் ஃபில்லருக்கு முன்னா பின்னா என்பது தயாரிப்பைப் பொறுத்தது, டின்னில் உள்ளபடி செய்யுங்கள். எப்படியும் தேய்த்த தூசியை ஈரத்துணியால் துடைத்து எடுக்காமல் அடுத்த கோட் வேண்டாம். உரியும் பெயின்டின் பின்பக்கம் மாவு ஒட்டியிருந்தால் காரணம் இதுதான்.

அளவுக்கு ஒரு கணக்கு: 10க்கு 12 அடி அறை, 9 அடி உயரம். சுற்றளவு 44 அடி, சுவர்ப் பரப்பு 396 சதுர அடி. 3க்கு 7 கதவு ஒன்றையும், 4க்கு 4 ஜன்னல் இரண்டையும் கழித்தால் 343 சதுர அடி. லீற்றருக்கு 100 சதுர அடி என்று வைத்தால் இரண்டு கோட் எமல்ஷனுக்கு 7 லீற்றர், 4 லீற்றர் டின் இரண்டு எடுங்கள். ப்ரைமருக்கு ஒரு 4 லீற்றர் டின் போதும். ஃபில்லர் 25 முதல் 30 கிலோ, சுவர் சொரசொரப்பாக இருந்தால் கூடும். நிறம் கலந்த டின்கள் இரண்டையும் பெரிய வாளியில் ஒன்றாகக் கலந்துவிடுங்கள், டின்னுக்கு டின் சின்ன வித்தியாசம் வரும்.

சுவர் சூடேறிய பிறகு, 9 அல்லது 10 மணிக்குத் தொடங்கி, பின்னேரம் 2 மணிக்குள் நிறுத்துவது நல்லது. 10 பாகைக்குக் கீழே எமல்ஷன் துகள்கள் ஒன்றோடொன்று சேர்ந்து படலமாகாது. காய்ந்தது போலத் தெரியும், பிறகு மாவாகத் தேயும். டின்னில் 2 முதல் 4 மணித்தியாலம் என்றிருந்தால் அது சூடான இடத்துக் கணக்கு. இங்கே ஒரு நாளைக்கு ஒரு கோட் போதும். முதல் கோட்டில் 10 முதல் 15 சதவீதம் சுத்தமான தண்ணீர் சேர்க்கலாம், இரண்டாவதில் அவ்வளவு வேண்டாம். முதலில் மேல்தட்டு (சீலிங்), பிறகு சுவர். மூலைகளை 2 அங்குல பிரஷால் பிடித்து, அந்த ஓரம் ஈரமாக இருக்கும்போதே ரோலரைக் கொண்டு வாருங்கள். காய்ந்த ஓரத்தில் ரோலர் ஏறினால் பட்டை விழும். ஒரு சுவரைத் தொடங்கினால் அதை முடித்த பிறகே தேநீர்.

அடித்து முடித்த பிறகு ஒரு மாதத்துக்குச் சுவரைக் கழுவவோ தேய்க்கவோ வேண்டாம். அலுமாரியையும் கட்டிலையும் வெளிச்சுவரோடு ஒட்டாமல் 3 அங்குலம் தள்ளிப் போடுங்கள். குளிர்ந்த சுவரில் காற்றுப் படாத இடத்தில் மூச்சு ஈரமும் சமையல் ஆவியும் படிந்து கரும்புள்ளிப் பூஞ்சணம் பிடிக்கும். பிடித்துவிட்டால் ஒரு பங்கு ப்ளீச்சுக்கு மூன்று பங்கு தண்ணீர் கலந்து தடவி, 15 நிமிடம் விட்டு, துடைத்துக் காயவிட்டு, அந்த இடத்தை மட்டும் மீதிப் பெயின்டால் தொடலாம். ப்ளீச்சோடு வேறு எந்தக் கழுவு திரவத்தையும் கலக்காதீர்கள்.