எல்சாட் தேர்விலிருந்து சேர்க்கைக் கடிதம் வரை: அமெரிக்கச் சட்டப் பள்ளிக்கு விண்ணப்பிக்கும் முறை

அமெரிக்கச் சட்டப் பள்ளிகளில் சேர விரும்புவோர் எழுதும் எல்சாட் தேர்வை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை நான்கு மாதம் உழைத்தும் மதிப்பெண் நகரவில்லை. இரண்டாம் முறை உழைப்பைக் கூட்டவில்லை. உழைக்கும் முறையை மட்டும் மாற்றினேன். அந்த மாற்றத்தையும், தேர்வுக்குப் பிறகு விண்ணப்பத்தில் நான் தடுக்கி விழுந்த இடங்களையும், ஒன்றும் தெரியாமல் தொடங்குபவருக்கு உதவும் வகையில் வரிசையாக எழுதுகிறேன்.

படி 1: இந்தத் தேர்வு உங்களுக்குத் தேவையா?

அமெரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடன் சட்டம் படிக்க முடியாது. ஏதேனும் ஒரு துறையில் இளங்கலைப் பட்டம் பெற்ற பிறகே ஜே.டி. எனப்படும் மூன்றாண்டுப் படிப்பில் சேரலாம். வரலாறு படித்தவரும் இயந்திரப் பொறியியல் படித்தவரும் ஒரே வகுப்பில் அமர்வார்கள். இந்த ஜே.டி. படிப்புக்கான நுழைவுத் தேர்வே எல்சாட். இந்தியாவில் ஏற்கெனவே சட்டப் பட்டம் பெற்று, ஓராண்டு எல்.எல்.எம். படிக்க அமெரிக்கா செல்பவருக்கு இது பொதுவாகத் தேவைப்படாது. நம் தேசியச் சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் தேர்வுக்கும் இதற்கும் தொடர்பில்லை. பல பள்ளிகள் இப்போது, பொதுவான முதுநிலை நுழைவுத் தேர்வான ஜி.ஆர்.இ.யின் மதிப்பெண்ணையும் ஏற்கின்றன; ஆனாலும் சட்டம்தான் வேண்டும் என்று முடிவெடுத்தவருக்கு எல்சாட்டே நேர்வழி என்பது என் கருத்து.

படி 2: நாட்காட்டியைப் பின்னிருந்து எண்ணுங்கள்

வகுப்புகள் ஆகஸ்டு மாத இறுதியில் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய ஆண்டு செப்டம்பரில் விண்ணப்பங்கள் திறக்கும். கடைசி நாள் பெரும்பாலும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும். கடைசி நாள்வரை காத்திருக்கலாம் என்று இதற்குப் பொருளில்லை. பெரும்பாலான பள்ளிகள் விண்ணப்பங்கள் வரவரப் படித்து, இடங்களையும் உதவித்தொகையையும் அவ்வப்போதே ஒதுக்கிவிடுகின்றன. கல்யாண வீட்டில் முதல் பந்திக்கும் கடைசிப் பந்திக்கும் உள்ள வேறுபாடு இங்கும் உண்டு. ஆகவே ஜூன் அல்லது ஆகஸ்டில் தேர்வை எழுதி, செப்டம்பருக்கும் நவம்பருக்கும் இடையில் விண்ணப்பத்தை அனுப்புவதே நல்ல திட்டம். வேலைக்குச் செல்பவராக இருந்தால் ஆயத்தத்துக்கு ஆறு மாதமாவது ஒதுக்குங்கள்.

ஆனால் மதிப்பெண் குறைவாக இருக்கும்போது, சீக்கிரம் அனுப்பிவிட வேண்டும் என்பதற்காக அனுப்பாதீர்கள். ஐந்து மதிப்பெண் கூடுவது இரண்டு மாதம் முந்துவதைவிடப் பெரிய பயன் தரும். நவம்பரிலும் ஆயத்தமாகவில்லையென்றால் அடுத்த பருவத்துக்குத் தள்ளிப்போடுங்கள். ஓராண்டு வீணாகிறதே என்று வீட்டில் சொல்வார்கள். அந்த ஓராண்டு பல்லாயிரம் டாலர் உதவித்தொகையாகத் திரும்பி வரக்கூடும்.

படி 3: தேர்வின் அமைப்பை அறிந்துகொள்ளுங்கள்

தேர்வில் நான்கு பகுதிகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் 35 நிமிடம். இரண்டு பகுதிகள் தருக்கத் திறனையும் ஒரு பகுதி வாசிப்புத் திறனையும் சோதிக்கின்றன. நான்காவது, வருங்காலத் தேர்வுகளுக்காகக் கேள்விகளை முன்னோட்டம் பார்க்கும் பகுதி. அதற்கு மதிப்பெண் இல்லை. எது அந்தப் பகுதி என்று உங்களுக்குத் தெரியாது, ஆகவே நான்கையும் ஒரே கவனத்துடன் எழுத வேண்டும். இரண்டாம் பகுதி முடிந்ததும் பத்து நிமிட இடைவேளை வரும். மதிப்பெண் 120 முதல் 180 வரை கணக்கிடப்படுகிறது. தவறான விடைக்குக் கழிவு கிடையாது. எனவே எந்தக் கேள்வியையும் வெறுமையாக விடாதீர்கள்.

புதிர் வடிவிலான ‘லாஜிக் கேம்ஸ்’ என்ற பகுதி 2024 ஆகஸ்டு தேர்விலிருந்து நீக்கப்பட்டது. படம் வரைந்து விடை காணும் அந்தப் பகுதி தங்களுக்கு அநீதியானது என்று பார்வையற்ற தேர்வர்கள் தொடுத்த வழக்கு 2019இல் சமரசத்தில் முடிந்ததன் விளைவு அது. பழைய புத்தகக் கடையிலோ நண்பரிடமோ பயிற்சி நூல் வாங்குபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். முந்தைய நூல்களின் கணிசமான பகுதி இன்று பயன்படாது.

இவற்றோடு, தனியாகக் கணினியில் எழுதும் வாதக் கட்டுரை ஒன்றும் உண்டு. அதற்கு மதிப்பெண் இல்லையென்றாலும், அதை முடிக்காதவரை உங்கள் தேர்வு முடிவு வெளியாகாது.

படி 4: பயிற்சி, குறைவாகவும் ஆழமாகவும்

தேர்வை நடத்தும் எல்சாக் அமைப்பின் லாஹப் தளத்தில் பழைய வினாத்தாள்கள் சில இலவசமாகக் கிடைக்கின்றன. ஆண்டுச் சந்தா செலுத்தினால் ஐம்பதுக்கும் மேற்பட்டவை கிடைக்கும். உண்மையான வினாத்தாள்களைத் தவிர வேறு எதிலும் பயிற்சி செய்யாதீர்கள். பயிற்சி நிறுவனங்கள் தாமே எழுதும் மாதிரிக் கேள்விகளில் இந்தத் தேர்வுக்குரிய துல்லியம் இருப்பதில்லை.

முதல் நாளே நேரம் வைத்து ஒரு முழுத்தாளை எழுதிப் பாருங்கள். அந்த மதிப்பெண் உங்கள் தொடக்கப் புள்ளி. அது 140களில் இருந்தாலும் கவலைப்பட வேண்டாம்.

கேள்விகள் எப்படி இருக்கும் என்பதைக் காட்ட, நானே அமைத்த ஒன்றைத் தருகிறேன்:

“ஒரு நகரின் பேருந்துகளில் கடந்த ஆண்டு கண்காணிப்புக் கேமராக்கள் பொருத்தப்பட்டன. அதன் பிறகு, பணப்பை களவு போனதாகப் பயணிகள் அளிக்கும் புகார்கள் இருமடங்காகியுள்ளன. ஆகவே கேமராக்கள் திருட்டைக் கூட்டியிருக்கின்றன.”

இந்த வாதத்தைப் பெரிதும் பலவீனப்படுத்துவது எது?

(அ) கேமராக்களைப் பொருத்த நகராட்சி பெருந்தொகை செலவிட்டது.
(ஆ) சில பேருந்துகளில் கேமராக்கள் பழுதாகிக் கிடக்கின்றன.
(இ) பயணிகளில் பெரும்பாலோர் கேமராக்களை வரவேற்கிறார்கள்.
(ஈ) ஆதாரம் இல்லாததால் முன்பு பலர் புகார் அளிக்காமலே விட்டனர். இப்போது காட்சிப்பதிவு இருப்பதால் துணிந்து புகார் அளிக்கின்றனர்.
(உ) பக்கத்து நகரமும் கேமராக்கள் பொருத்தத் திட்டமிட்டுள்ளது.

விடைகளைப் பார்ப்பதற்கு முன் வாதத்தை மட்டும் மீண்டும் படியுங்கள். சான்று எதைப் பற்றியது? புகார்களைப் பற்றியது. முடிவு எதைப் பற்றியது? திருட்டைப் பற்றியது. வாதம் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குச் சத்தமில்லாமல் தாவிவிட்டது. அந்தத் தாவலைக் கண்டுபிடித்தவருக்கு (ஈ) உடனே கண்ணில் படும்: புகார் கூடினாலும் திருட்டு கூடியிருக்க வேண்டியதில்லை. தாவலைக் காணாதவரைக் கவர்ந்து இழுக்க வைக்கப்பட்டது (ஆ). கேமரா பழுதென்றால் திருட்டு குறையாததற்கு அது காரணமாகலாம் என்று நாமே ஒரு கதையைக் கட்டிக்கொள்கிறோம். ஆனால் புகாருக்கும் திருட்டுக்கும் இடையிலுள்ள இடைவெளியை அது தொடவேயில்லை. நாம் கதை கட்டினால்தான் பொருந்துகிற விடை பெரும்பாலும் தவறான விடை.

நிபந்தனை வாக்கியங்களில் தமிழ் பேசுபவருக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. ஆங்கிலத்தில் ‘இஃப்’ என்பதையும் ‘ஒன்லி இஃப்’ என்பதையும் பலர் குழப்பிக்கொள்வார்கள். நமக்கு அந்த வேலையைத் ‘தான்’ என்ற சிறு இடைச்சொல் செய்துவிடுகிறது. “அட்டை இருந்தால் உள்ளே விடுவார்கள்” என்றால் அட்டையே போதும். “அட்டை இருந்தால்தான் உள்ளே விடுவார்கள்” என்றால் அட்டை கட்டாயம். ஆனால் அது மட்டும் போதும் என்று யாரும் சொல்லவில்லை. உள்ளே இருப்பவரிடம் அட்டை உண்டு என்று உறுதியாகச் சொல்லலாம். அட்டை வைத்திருப்பவர் உள்ளே இருக்கிறார் என்று சொல்ல முடியாது. அதுபோல ‘அன்லெஸ்’ என்று வரும் இடத்தில் ‘ஒழிய’ என்று வைத்துப் படித்துப் பாருங்கள். “மழை பெய்தாலொழிய ஆட்டம் நிற்காது” என்றால், ஆட்டம் நின்றிருந்தால் மழை பெய்திருக்கிறது. கடினமான ஆங்கில வாக்கியத்தை மனத்துக்குள் இப்படித் தமிழில் போட்டுப் பார்ப்பது நேர விரயமாகத் தோன்றலாம். இரண்டு வாரத்தில் தானாகவே வந்துவிடும்.

இனி, என் மதிப்பெண்ணை மாற்றிய பழக்கம். முதல் முறை நான் வாரத்துக்கு மூன்று முழுத்தாள்கள் எழுதி, விடைகளைச் சரிபார்த்து, அடுத்த தாளுக்கு ஓடினேன். இரண்டாம் முறை வாரத்துக்கு ஒரே தாள். நேரம் முடிந்ததும், விடைக்குறிப்பைப் பார்க்காமல், ஐயமுள்ள கேள்விகளை மட்டும் நேரக் கணக்கின்றி மீண்டும் போடுவேன். அதன் பிறகே சரிபார்ப்பேன். இரண்டாவது முயற்சியில் சரியானவை நேர நெருக்கடியால் தவறியவை. அதிலும் தவறியவை எனக்குப் புரியாதவை. இவற்றுக்கு மருந்தும் வேறு வேறு. தவறிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு வரி எழுதினேன்: தவறான விடை ஏன் என்னை ஈர்த்தது, சரியான விடையை ஏன் ஒதுக்கினேன். ஒரு பதிவு இப்படி இருந்தது: “வாதம் ‘சிலர்’ என்றது, விடை ‘பெரும்பாலோர்’ என்றது, கவனிக்கவில்லை.” ஒரு மாதம் கழித்துப் புரட்டியபோது பதினேழு இடங்களில் இதே வரியை எழுதியிருந்தேன். எனக்கு இருந்தது தருக்கக் குறைபாடு அன்று, அளவுச் சொற்களை மேலோட்டமாகப் படிக்கும் பழக்கம். எந்த ஆசிரியரும் அதைக் கண்டுபிடித்துச் சொல்லியிருக்க முடியாது.

வாசிப்புப் பகுதியில் நான்கு தொகுதிகள் வரும். அவற்றுள் ஒன்றில் இரண்டு சிறு பத்திகளை ஒப்பிட வேண்டும். பத்திகள் சட்டம், அறிவியல், கலை, சமூகம் எனப் பரந்திருக்கும். செய்தியை மனப்பாடம் செய்யாமல், ஒவ்வொரு பத்தியும் எதற்காக எழுதப்பட்டது, ஆசிரியர் எந்தப் பக்கம் சாய்கிறார் என்பதை மட்டும் மனத்தில் குறித்துக்கொண்டு நகருங்கள்.

படி 5: பதிவு செய்தல்

எல்சாக் தளத்தில் கணக்குத் தொடங்கி, கடவுச்சீட்டில் உள்ளபடியே பெயரைப் பதியுங்கள். தந்தை பெயரின் முதலெழுத்தை முன்னே போடும் நம் வழக்கத்தால் இங்கே பலருக்குச் சிக்கல் வருகிறது. தேர்வு நாளன்று அடையாளச் சான்றும் பதிவும் ஒத்துப்போக வேண்டும். தேர்வுக் கட்டணம் சுமார் 250 டாலர். தகுதி உள்ளவர்கள் பொருளாதார நிலையைக் காட்டிக் கட்டண விலக்குக் கோரலாம். உடற்குறை உள்ளவர்கள் கூடுதல் நேரம் போன்ற வசதிகளுக்கு விண்ணப்பிக்கலாம். 2026 ஆகஸ்டு முதல் பெரும்பாலானோர் வீட்டிலிருந்து எழுதுவதை விட்டுத் தேர்வு மையத்துக்கே செல்ல வேண்டும் என்று எல்சாக் அறிவித்துள்ளது. ஐந்தாண்டுக்குள் ஐந்து முறையும் வாழ்நாளில் ஏழு முறையும்தான் எழுதலாம். பள்ளிகள் தங்கள் புள்ளிவிவரத்தில் உயர்ந்த மதிப்பெண்ணையே காட்டுவதால், மறுமுறை எழுதுவதற்குத் தயங்க வேண்டாம்.

படி 6: ஆவணங்கள்

எல்லாப் பள்ளிகளுக்கும் ஆவணங்களைத் தொகுத்து அனுப்பும் சி.ஏ.எஸ். என்ற சேவையையும் எல்சாக்கே நடத்துகிறது. அதற்கு ஒருமுறைக் கட்டணம் சுமார் 200 டாலர்; அதற்குமேல் ஒவ்வொரு பள்ளிக்கும் சுமார் 45 டாலர். பள்ளிகள் தனியே வாங்கும் விண்ணப்பக் கட்டணத்தை, கேட்டுக்கொண்டால் பல பள்ளிகள் தள்ளுபடி செய்யும். கூச்சப்படாமல் மின்னஞ்சல் அனுப்புங்கள்.

இந்தியப் பட்டதாரிக்கு மிகுந்த நேரம் பிடிப்பது மதிப்பெண் ஆவணம்தான். அதை நீங்கள் அனுப்பக் கூடாது. கல்லூரியோ பல்கலைக்கழகமோ நேரடியாக அனுப்ப வேண்டும். எனக்கு ஏழு வாரம் ஆயிற்று. முதல் முறை உறையின் மூடியில் கையொப்பமும் முத்திரையும் போடாமல் அனுப்பிவிட்டார்கள், எனவே அது ஏற்கப்படவில்லை. தேர்வுக்குப் பதிவு செய்யும் நாளிலேயே இந்த வேலையையும் தொடங்கிவிடுங்கள். வெளிநாட்டு மதிப்பெண்கள் ஜி.பி.ஏ. எனப்படும் அமெரிக்கச் சராசரி மதிப்பெண்ணாக மாற்றப்படுவதில்லை, சராசரிக்கு மேல், மிகச் சிறப்பு என்பது போன்ற தரநிலையாகவே குறிக்கப்படும். இதனால் உங்கள் விண்ணப்பத்தில் எல்சாட் மதிப்பெண்ணின் எடை இன்னும் கூடுகிறது. மூன்றாண்டுப் பட்டம் ஏற்கப்படுமா, டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வு தேவையா என்பவற்றைப் பள்ளிவாரியாகக் கேட்டு எழுத்தில் பெறுங்கள்.

பரிந்துரைக் கடிதம் பொதுவாக இரண்டு வேண்டும். துறைத்தலைவரின் பெரிய பெயரைவிட, உங்கள் கட்டுரையைத் திருத்திய ஆசிரியரின் கடிதம் மேலானது. மாதிரிக் கடிதத்தை நீங்களே எழுதிக் கொடுங்கள் என்று ஆசிரியர் சொன்னால் பணிவாக மறுத்து, நீங்கள் செய்த பணிகளின் குறிப்பை மட்டும் கொடுங்கள்.

படி 7: தன்விளக்கக் கட்டுரை

பெரும்பாலும் இரண்டு பக்கம். சட்டத்தின் பெருமையையோ நீதியின் மேன்மையையோ அங்கே எழுத வேண்டாம். படிப்பவர்களுக்கு அவை தெரியும். உங்கள் வாழ்க்கையில் நடந்த ஒரு நிகழ்வை, நீங்கள் எடுத்த ஒரு முடிவை, அது உங்களைச் சட்டத்தின் பக்கம் திருப்பிய விதத்தை எழுதுங்கள். தாத்தாவின் நிலப் பட்டா வழக்கு இருபது ஆண்டு நீடித்தது என்று ஒருவர் எழுதினால், கட்டுரை தாத்தாவைப் பற்றியதாகிவிடும் அபாயம் உண்டு. அந்தக் கோப்பை முதன்முதலாகப் பிரித்துப் படித்தபோது நீங்கள் என்ன செய்தீர்கள் என்பதே அவர்களுக்கு வேண்டும்.

ஒழுக்கம் தொடர்பான கேள்விகளுக்கு முழு உண்மையைச் சொல்லுங்கள். கல்லூரி இடைநீக்கத்தை இங்கே மறைத்தால், மூன்றாண்டு கழித்து வழக்குரைஞராகப் பதியும்போது அது வெளிவரும். நிகழ்ந்த தவறைவிட மறைத்ததே அப்போது பெரிய குற்றமாகும்.

படி 8: பள்ளிகளும் பணமும்

அமெரிக்க வழக்குரைஞர் சங்கத்தின் ஒப்புதல் பெற்ற பள்ளிகள் ஏறத்தாழ 200 உள்ளன. ஒவ்வொன்றும் ‘509 அறிக்கை’ என்ற பெயரில் தன் மாணவர்களின் நடு மதிப்பெண் (பாதிப் பேர் அதற்கு மேலும் பாதிப் பேர் கீழும் இருப்பது), கட்டணம், உதவித்தொகை ஆகியவற்றை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஹார்வர்டு, யேல் ஆகியவற்றில் நடு மதிப்பெண் 174ஐ ஒட்டி இருக்கிறது. உங்கள் மதிப்பெண் நடுவுக்கு மேலிருக்கும் பள்ளிகள் சில, நடுவில் சில, கீழே சில எனப் பத்துப் பள்ளிகளைத் தேர்ந்துகொள்ளுங்கள்.

முன்னணித் தனியார் பள்ளிகளில் கல்விக் கட்டணம் மட்டுமே ஆண்டுக்கு 70,000 டாலரைத் தாண்டுகிறது. ஹார்வர்டு, யேல், ஸ்டான்ஃபோர்டு ஆகிய மூன்றும் தேவையின் அடிப்படையில் மட்டுமே உதவுகின்றன. மற்றவை மதிப்பெண்ணுக்கும் உதவித்தொகை தருகின்றன. அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் கூட்டரசு, அதாவது அமெரிக்க மத்திய அரசு, கொடுத்துவந்த கிராட் பிளஸ் என்ற கல்விக் கடன், 2026 ஜூலை 1 முதல் புதிய மாணவர்களுக்குக் கிடையாது. சட்ட மாணவர் பெறக்கூடிய கூட்டரசுக் கடன் ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் 2,00,000 டாலர் என வரம்பிடப்பட்டுள்ளது. வெளிநாட்டு மாணவருக்குக் கூட்டரசுக் கடனே இல்லை. எனவே கணக்கை முதலிலேயே போட்டுவிடுங்கள்.

படி 9: பதில் வந்த பிறகு

உதவித்தொகைக் கடிதத்தில் ‘குறிப்பிட்ட ஜி.பி.ஏ.வுக்குக் கீழே போனால் ரத்து’ என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். முதலாண்டு மதிப்பெண்கள் வகுப்புக்குள் ஒப்பிட்டுத் தரப்படுவதால், நன்றாகப் படித்தவர்களும் அதை இழக்கிறார்கள். எத்தனை பேர் இழந்தார்கள் என்பதும் 509 அறிக்கையிலேயே இருக்கும். இரண்டு பள்ளிகளில் இடம் கிடைத்தால், ஒன்றின் தொகையைக் காட்டி மற்றொன்றிடம் கூடுதலாகக் கேட்கலாம். இது அங்கே இயல்பான வழக்கம். கட்டாயமாகச் சேர்வேன் என்று முன்கூட்டியே ஒப்புக்கொண்டு விண்ணப்பித்தவர்களுக்கு மட்டும் இந்த வாய்ப்பு இல்லை. காத்திருப்போர் பட்டியலில் வைக்கப்பட்டால், இன்னும் ஆர்வம் உண்டு என்று ஒரு பக்கக் கடிதம் எழுதி, இடையில் கிடைத்த புதிய மதிப்பெண்ணையோ பணியையோ அதில் சேருங்கள். இடத்தை உறுதிசெய்யும் முன்பணத்துக்கான கடைசி நாளைத் தனியே குறித்துவையுங்கள். வெளிநாட்டு மாணவர்கள் அதைச் செலுத்திய கையோடு மாணவர் விசாவுக்காகப் பள்ளி தரும் ஐ-20 படிவத்தைக் கேட்டு, விசா நேர்காணலுக்கு நாள் பார்க்கத் தொடங்கலாம்.