பழைய பாய்ப்படகுக்குச் சுக்கானும் டேகர்போர்டும்: முதலில் ஆட்டம், அப்புறம் வடிவம், கடைசியில் பெயின்ட்

பழைய பாய்ப்படகு கைக்கு வந்தால் எல்லாரும் முதலில் பாயைத்தான் பார்க்கிறார்கள். புதுப் பாய்க்கு விலை கேட்பார்கள், பெயின்ட் அடிப்பார்கள், அணியத்தில் பெயர் எழுதுவார்கள். தண்ணீருக்குள் கிடக்கிற இரண்டு பலகையை, அதாவது பின்னால் தொங்கும் சுக்கானையும் நடுவில் இறக்கும் டேகர்போர்டையும், யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. ஆனால் காற்றை எதிர்த்து ஏறிப் போகிறதா, இல்லை நண்டு மாதிரி பக்கவாட்டில் ஒதுங்குகிறதா என்பது இந்த இரண்டு பலகையின் கையில்தான் இருக்கிறது. நம் கரையில் பாய் போட்டு ஓடிய கட்டுமரத்தில் மரங்களுக்கு நடுவே ஒரு பலகையைச் செருகி இறக்கினார்களே, அதே வேலைதான்.

நான் சொல்வது 1962-ல் வந்த மிரர், அதற்கும் முந்தைய 1956-ன் என்டர்பிரைஸ் (இதில் பலகை செருகுவதல்ல, கீல் போட்டுச் சுழல்வது), லேசர், இல்லாவிட்டால் முட்டம் பக்கம் கட்டிய பழைய பிளைவுட் வள்ளம், இந்த அளவுப் படகுகளுக்குப் பொருந்தும். போட்டிக்கு விடும் எண்ணம் இருந்தால் முதலில் அந்த வகைப் படகின் விதியைப் படியுங்கள். லேசரில் பலகையின் வடிவத்தைத் தொடவே கூடாது. சும்மா மணக்குடிக் காயலில் ஓட்டப் போகிறவர்களுக்கு அந்தக் கவலை இல்லை.

ஆட்டம்

சுக்கானைப் படகில் மாட்டி, கைப்பிடியை ஒருவர் அசையாமல் பிடித்துக்கொள்ள, நீங்கள் பலகையின் கீழ் நுனியைப் பிடித்து இரண்டு பக்கமும் ஆட்டிப் பாருங்கள். சுக்கான் தொங்குவது மேலும் கீழுமாக இரண்டு குடுமியில், அதாவது வளையத்துக்குள் உட்கார்ந்து சுழலும் முளையில். அவற்றுக்கு நடுவே 30 செ.மீ, கீழ்க் குடுமியில் ஆட்டம் 2 மி.மீ என்று வையுங்கள். அதற்கும் 60 செ.மீ கீழே இருக்கிற நுனி 6 மி.மீ ஆடும். படகு ஓடும்போது கை நடுங்குவது, சுக்கான் “டக் டக்” என்று அடிப்பது, பிடித்த திசையில் நிற்காதது, இதெல்லாம் பெரும்பாலும் இந்த 2 மி.மீ செய்கிற வேலை. இதைச் சரி செய்யாமல் பலகையை எவ்வளவு அழகாக இழைத்தாலும் காசுக்கு நட்டம்.

குடுமியும் அது உட்காரும் வளையமும் தேய்ந்திருந்தால் உள்ளே நைலான் அல்லது டெல்ரின் (ஒரு கெட்டிப் பிளாஸ்டிக்) புஷ், அதாவது குழாய் மாதிரி ஒரு உறை, போடலாம், கடைசல் பட்டறையில் சொன்னால் கடைந்து தருவார்கள். வளையம் நீள்வட்டமாகவே தேய்ந்துவிட்டால் மாற்றுவதுதான் வழி. ஸ்டெயின்லெஸ் என்றால் 316 என்ற ரகம் கேளுங்கள். காந்தம் வைத்துப் பார்ப்பதில் புண்ணியமில்லை, சாதாரண 304 ரகமும் 316-ம் இரண்டுமே அநேகமாக ஒட்டாது. போல்ட் தலையில் ஏ4 என்று பொறித்திருந்தால் அது 316 வகை, ஏ2 என்றால் 304 வகை. 304 நம் உப்புக் காற்றில் கொஞ்ச நாளில் பழுப்பு விடும், மரத்துக்குள் காற்றுப் படாமல் ஈரத்தோடு கிடக்கிற இடத்தில் வெளியே தெரியாமலே அரிக்கும். 316-ம் அரிக்காது என்றில்லை, தாங்கும் காலம் அதிகம். பித்தளை வேண்டவே வேண்டாம், உப்புத் தண்ணீரில் அதிலிருக்கும் துத்தநாகம் கரைந்துபோய், செம்பு மட்டும் சிவப்பாக, தொட்டால் உதிர்கிற மாதிரி மிஞ்சும்.

அடுத்தது போல்ட் துளை. பழைய துளையைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது என்று அர்த்தம். அதே துளையில் இன்னும் கொஞ்சம் தடித்த போல்டை இறுக்குவது ஊர் வழக்கம். அதைச் செய்யாதீர்கள். 8 மி.மீ போல்டுக்கு 14 மி.மீ துளை போட்டு, கறுத்த மரத்தை எடுத்து, நன்றாகக் காயவிட்டு, உள்சுவரில் வெறும் எப்பாக்சியை (ரெசினும் ஹார்டனரும் கலந்தால் இறுகும் ஒட்டு) தூரிகையால் தடவி, பிறகு ஏரோசில் என்ற சிலிக்கா தூள் கலந்து கட்டியாக்கிய எப்பாக்சியால் நிரப்புங்கள். இறுகியதும் அதன் நடுவே 8 மி.மீ துளை. இப்போது போல்டைச் சுற்றி மரமே இல்லை, ஈரம் உள்ளே போக வழியும் இல்லை. சொல்லப்போனால் இந்த ஒரு வேலைதான் பழைய படகுக்குச் செய்யும் உண்மையான மேம்பாடு, மற்றதெல்லாம் இதற்கு அடுத்துதான்.

டேகர்போர்டு உட்காரும் பெட்டியிலும் ஆட்டம் இருக்கும். மேலும் கீழும் உள்விளிம்பில் மெல்லிய கார்பெட் பட்டையோ வழுக்கும் பிளாஸ்டிக் பட்டையோ ஒட்டி, இரண்டு பக்கமும் சேர்த்து ஒன்றிரண்டு மி.மீ இடைவெளி இருக்கும்படி விட்டால் போதும். அதற்கும் இறுக்கமாகச் செய்தால் கரை ஏறும் நேரத்தில் மணல் சிக்கி, இழுத்தாலும் வராது. ராஜாக்கமங்கலம் துறை மாதிரி அலை அடிக்கிற கரையில் பலகை வராமல் மாட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

காயவைப்பது

மழை முடிந்து தை பிறந்த பிறகுதான் நம் குமரி மாவட்டத்தில் இந்த வேலைக்கு நல்ல நேரம். ஆனி ஆடிச் சாரலிலும் ஐப்பசி மழையிலும் மரம் காயாது. பெயின்டைச் சுரண்டி எடுத்து, நிழலில் காற்றோட்டமாக நிறுத்தி, சமையலறைத் தராசிலோ மீன் தராசிலோ வாரம் ஒருமுறை எடை பாருங்கள். எடை குறைவது நின்ற பிறகு எப்பாக்சியைத் தொடுங்கள். வெயிலில் படுக்கப் போட்டால் சீக்கிரம் காயும்தான், ஆனால் ஒரு பக்கம் மட்டும் காய்ந்து பலகை வளைந்துவிடும்.

உளியின் முனையை அங்கங்கே குத்திப் பாருங்கள், மெத்தென்று இறங்கினால் அந்த இடம் போய்விட்டது. கொஞ்சம் என்றால் வெட்டி எடுத்து அதே மரத்தில் துண்டு வைக்கலாம். பலகை முழுக்க அப்படி என்றால் புதிதாகச் செய்வதே மலிவு. அயினி கிடைத்தால் நல்லது, வள்ளம் கட்டின மரம், ஆசாரிக்கும் பழக்கம். ஒரே அகலப் பலகையாக எடுக்காமல் 4 அல்லது 5 செ.மீ பட்டைகளாக அறுத்து, ஒன்றுவிட்டு ஒன்றைத் திருப்பி வைத்து ஒட்டினால் வளையாது. தேக்கு என்றால் ஒட்டுவதற்குச் சற்று முன்னால் அசிட்டோன் போட்டுத் துடையுங்கள், எண்ணெய்ப் பசை இருந்தால் ஒட்டு பிடிக்காது. பிளைவுட் வாங்கினால் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். 303 முத்திரை வீட்டு அலமாரிக்கு.

வடிவம்

பழைய பலகைகளில் பாதி, வெறும் தட்டைப் பலகையின் விளிம்பை உப்புத்தாளால் உருட்டியவை. அதைக் கொஞ்சம் திருப்பினாலே தண்ணீர் ஒட்டி ஓடாமல் பிய்ந்துகொள்ளும், சுக்கான் பிடிப்பை இழக்கும். முன்விளிம்பு உருண்டு, முன்னாலிருந்து ஏறத்தாழ 30 சதவீதத்தில் முழுத் தடிமன் வந்து, பின்னால் நீளமாக மெலிய வேண்டும். அமெரிக்காவின் நாகா (நாசாவுக்கு முந்தைய விமான ஆராய்ச்சி அமைப்பு) 1933-ல் விமான இறக்கைகளுக்காக வெளியிட்ட நான்கு இலக்க வடிவங்களையே இன்றும் சின்னப் படகுக்காரர்கள் பலகைக்கு எடுத்துக்கொள்கிறார்கள்.

240 மி.மீ அகலமும் 24 மி.மீ தடிமனும் உள்ள பலகைக்குக் கணக்கு போட்டுத் தருகிறேன். முன்விளிம்பிலிருந்து 12 மி.மீ தள்ளி மொத்தத் தடிமன் 14, 24 மி.மீ-ல் 19, 72 மி.மீ-ல் முழு 24, அதன்பின் 120-ல் 21, 168-ல் 14.5, 216-ல் 6. முன் மூக்கின் ஆரம் இரண்டரை மி.மீ. பலகை வேறு அளவு என்றால் இதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பெட்டியின் இடைவெளிதான் தடிமனுக்கு எல்லை. பெட்டிக்குள் நிற்கிற மேல்பகுதியைத் தட்டையாகவே விட்டுவிடுங்கள், கீழே தண்ணீரில் இருப்பதற்கு மட்டும் வடிவம்.

அட்டையில் பாதி வடிவத்தை வெட்டி அச்சாக வைத்துக்கொண்டு இழைப்புளியால் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்க வேண்டியது. பிளைவுட்டில் ஒரு வசதி உண்டு. இழைக்க இழைக்க உள்ளே உள்ள பசைக் கோடுகள் வயல் வரப்பு போல வெளியே தெரியும். அந்தக் கோடு மேலிருந்து கீழ்வரை நேராக ஓடினால் வடிவம் சீராக வருகிறது, எங்காவது வளைந்தால் அங்கே கூடுதலாக இழைத்துவிட்டீர்கள். பலகையைத் திருப்பிப் போட்டால் மறுபக்கத்திலும் அதே கோடு அதே தூரத்தில் இருக்க வேண்டும், ஸ்கேல் வைத்து அளக்கலாம். தனி மரத்தில் இந்தக் கோடு கிடைக்காது. அங்கே பென்சிலால் குறுக்கே கிறுக்கிவிட்டு நீளக் கட்டையில் உப்புத்தாள் சுற்றித் தேயுங்கள், பென்சில் அழியாத இடம் பள்ளம். கையில் தாளைச் சுருட்டிப் பிடித்துத் தேய்த்தால் அலை அலையாகத்தான் வரும்.

பின்விளிம்பைக் கத்தி போலக் கூராக்காதீர்கள், ஒரே மாதத்தில் உடைந்து பல்லிளிக்கும். 2 மி.மீ தடிமனில் சதுரமாக நிறுத்துங்கள். இன்னும் உறுதி வேண்டுமென்றால் இழைக்கும் முன்பே பின்விளிம்பில் ஒரு காடி எடுத்து, கண்ணாடி இழையும் கட்டி எப்பாக்சியும் வைத்து அடைத்துவிட்டு அதையே இழைத்தால் விளிம்பு முழுக்க மரம் இல்லாமல் கல் போல நிற்கும்.

எப்பாக்சியும் கிளாத்தும்

ஃபைபர் படகு கட்டும் இடங்களில் எளிதாகக் கிடைப்பது பாலியெஸ்டர் ரெசின். ஃபைபர் மேல் ஃபைபர் வேலைக்கு அது போதும், மரத்தின் மேல் கொஞ்ச நாளில் உரிந்து வரும். எப்பாக்சியே வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள், கூடவே மெதுவாக இறுகும் ஹார்டனர். நம் வெயிலில் வேகமான ஹார்டனரை ஒரு டம்ளரில் கலந்து வைத்தால் பேசி முடிப்பதற்குள் சூடாகிப் புகை விடும், கலந்ததும் தட்டையான தட்டில் ஊற்றிப் பரப்புங்கள். சீக்கிரம் காயட்டும் என்று ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றுவது பாலியெஸ்டர் பழக்கம். எப்பாக்சியில் அளவு மாறினால் கடைசிவரை பிசுபிசுப்புதான்.

முதல் பூச்சை மாலையில் அடியுங்கள். காலையில் அடித்தால் வெயில் ஏற ஏற மரத்துக்குள் இருக்கும் காற்று விரிந்து குமிழ் குமிழாகக் கிளம்பும். மாலையில் மரம் குளிர்வதால் ரெசினை உள்ளே இழுத்துக்கொள்ளும். அதன் மேல் சதுர மீட்டருக்கு 200 கிராம் நெய்த கண்ணாடி இழைக் கிளாத் ஒரு சுற்று போதும், சொரசொரப்பான மேட் வேண்டாம். முன்விளிம்பில் மடித்துச் சுற்றி, பின்விளிம்பில் கொஞ்சம் தொங்கவிட்டு, தோல் போல இறுகிய பக்குவத்தில் பிளேடால் நறுக்குங்கள். மறுநாள் மேலே மெழுகுப் படலம் மாதிரி வழவழப்பு இருந்தால் நல்ல தண்ணீரும் நாரும் போட்டுத் தேய்த்துக் கழுவிவிட்டு அடுத்த பூச்சு. கையுறை போடுங்கள், தேய்க்கும்போது முகமூடியும். தோலில் பட்டால் சோப்புத் தண்ணீர், தின்னரை ஊற்றிக் கழுவினால் அது இன்னும் உள்ளே இறங்கும்.

வெயில் எப்பாக்சியைத் தின்றுவிடும், அதனால் மேலே பியூ (பாலியூரித்தேன்) பெயின்ட் கட்டாயம். வெள்ளை அடித்தால் கீறல் உடனே தெரியும்.

சுக்கான் கனமாக இருந்தால்

பலகை பின்னோக்கிச் சாய்ந்திருந்தால் கைப்பிடி கையைப் பிடுங்கும். மடங்கும் சுக்கான் உள்ள படகுகளில் பலகை முழுதாக இறங்காமல் இருப்பதே பாதிக் காரணம், கயிறு தளர்ந்து கொஞ்சம் பின்னால் ஏறியிருக்கும். கீழே இழுக்கும் கயிற்றை நீளாத கயிறாக மாற்றுங்கள், பாறையில் தட்டினால் தானாக விட்டுக்கொடுக்கும் கிளீட் (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பிடி) போடுங்கள். அதன் பிறகும் கனம் குறையவில்லை என்றால் பலகை இறங்கி முட்டி நிற்கும் தடுப்புக் கட்டையைக் கொஞ்சம் செதுக்கி, பலகையின் முன்விளிம்பு குடுமிக் கோட்டைச் சற்றே தாண்டி முன்னால் வரும்படி இறக்கலாம். கோட்டுக்கு முன்னால் 15 சதவீதப் பரப்புக்கு மேல் போகவேண்டாம், போனால் சுக்கான் தானாகவே ஒரு பக்கம் இழுக்கத் தொடங்கும். கையில் லேசான இழுப்பு இருப்பது நல்லது, அதுதான் காற்றைச் சொல்லும்.

சுக்கான் கழன்று வராமல் பிடிக்கும் கிளிப்பை மறக்காதீர்கள் மக்கா, படகு கவிழ்ந்தால் முதலில் மிதந்து போவது அதுதான்.

முதல் ஓட்டம் காயலிலேயே இருக்கட்டும், கச்சான் (மேல்காற்று) அடங்கிய காலையில். வேகம் பிடித்ததும் பலகை “ம்ம்ம்” என்று முனகினால் பயப்பட வேண்டாம். பின்விளிம்பின் ஒரு பக்கத்தை மட்டும் சாய்வாகத் தேய்த்துவிட்டால் பெரும்பாலும் நின்றுவிடும். கரை ஏறியதும் நல்ல தண்ணீர் ஊற்றிப் பெட்டியில் உள்ள மணலைக் கழுவி, பலகையைப் படகில் செருகி வைக்காமல் வெளியே எடுத்து நிழலில் தொங்கவிடுங்கள். நைலாக் நட்டுகளை (உள்ளே நைலான் வளையம் உள்ளவை) இரண்டு மூன்று ஓட்டத்துக்குப் பிறகு இன்னொரு முறை சாவி போட்டுப் பாருங்கள், புது புஷ் உட்கார்ந்ததும் கொஞ்சம் தளரும்.