குவாண்டம் சுற்றுக்குத் தீர்மான வரைபடம்: சேர வேண்டிய கணுக்களைச் சேரவைப்பது எப்படி

குவாண்டம் சுற்றைக் கணினியில் உருவகப்படுத்தும்போது, 30 கியூபிட் (குவாண்டம் பிட்) நிலையை அப்படியே 2³⁰ கலப்பெண்களின் வெக்டராக வைத்தால், கலப்பெண்ணுக்கு 16 பைட் வீதம் 16 ஜிபி நினைவகம் போய்விடும். அதையே கியூபிட்டுக்குக் கியூபிட் கிளைபிரியும் தீர்மான வரைபடமாக்கி, ஒத்த பகுதிகளை ஒரே கணுவாகச் சேர்த்தாலோ, 100 கியூபிட் ஜிஹெச்இசட் நிலைக்கு (எல்லாம் 0, எல்லாம் 1 என்ற இரண்டின் மேற்பொருந்தல்) 199 கணுக்கள் போதும். சேர வேண்டியவை சேராதபோதுதான் எல்லாம் கெடுகிறது.

ஒவ்வொரு கணுவிலும் கியூபிட் எண், 0-க்கும் 1-க்கும் ஒவ்வொரு விளிம்பு, விளிம்புக்கு ஒரு கலப்பெண் எடை. வேரிலிருந்து அடிவரை எடைகளைப் பெருக்கினால் அந்தப் பாதைக்குரிய வீச்சு, அதாவது வெக்டரின் ஒரு கலப்பெண், கிடைக்கும்.

கணு பிறக்கும் இடம் ஒரே ஒரு ஃபங்ஷனாக இருக்கட்டும். அதில் முதலில், 10⁻¹³-க்குக் கீழான எடையைச் சுழியாக்குங்கள். அடுத்து அ, ஆ என்ற இரு எடைகளையும் √(|அ|²+|ஆ|²) ஆல் வகுத்து, சுழியல்லாத முதல் எடை மிகை மெய்யெண்ணாகும்படி வகுத்த எண்ணையும் கட்டக் கோணத்தையும் (கலப்பெண்ணின் கோணம்) மேல் விளிம்புக்குத் தள்ளுங்கள். பிறகே, முன்பு பிறந்த கணுக்களை வைத்திருக்கும் ஹேஷ் டேபிளில் தேடுங்கள்; இருந்தால் பழைய கணுவையே திருப்பிக் கொடுங்கள். இப்படி வகுத்தால், 0 பக்க எடையின் வர்க்கமே அங்கே 0 வரும் நிகழ்தகவு; அளவீட்டுக்கு மேலிருந்து கீழே ஒருமுறை இறங்கினால் போதும்.

தொல்லை தசமத்தில். பைத்தானில் 1/√2-ஐ வர்க்கித்தால் 0.4999999999999999, √0.5-ஐ வர்க்கித்தால் 0.5000000000000001. இரண்டும் வேறு என்று எடுத்தால் கணுக்கள் பெருகிக்கொண்டே போகும். எடைகளைத் தனி டேபிளில் வைத்து, நெருங்கிய எண் ஏற்கெனவே இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். அந்த டேபிளை எண் வரம்புவாரியாகப் பெட்டிகளாகப் பிரித்தால், எல்லையில் விழும் எண்ணுக்காகப் பக்கத்துப் பெட்டியிலும் தேட வேண்டும்; பலரும் இதை விட்டுவிடுகிறார்கள். அதற்காகச் சகிப்பளவை (எவ்வளவு நெருங்கினால் ஒரே எண் என்று எடுப்பது) 10⁻⁵ ஆக்கிவிடாதீர்கள்: ஃபூரியே உருமாற்றத்தில் வரும் 2π/2²⁰ சுழற்சி சுமார் 6×10⁻⁶ தான், தடமில்லாமல் மறைந்துவிடும்.

குவாண்டம் கேட் (gate, கியூபிட் மீதான செயல்) ஓர் அணி என்பதால், அதற்கு நான்கு விளிம்புள்ள அணிக் கணு. பெருக்கல் விடைகளைச் சேமிக்கும்போது எடைகளை வெளியே எடுத்து, கணு ஜோடியை மட்டும் சாவியாக்குங்கள். கூட்டலில் அது செல்லாது. எடைகளின் விகிதமும் சாவியில் வேண்டும். பயனற்ற கணுக்களை நீக்கினால் இந்தச் சேமிப்பையும் உடனே காலிசெய்யுங்கள். இல்லாவிட்டால் செத்த கணுவைக் காட்டும் பாயிண்டர் தவறான விடை தரும், அதுவும் எப்போதாவதுதான்.

கியூபிட் வரிசையும் முக்கியம். 20 கியூபிட்டில் 10 பெல் ஜோடிகள் (பின்னிப்பிணைந்த இரு கியூபிட்கள்): ஜோடிகளை அருகருகே வைத்தால் 30 கணுக்கள், முதல் பத்தில் ஒன்று, அடுத்த பத்தில் அதன் துணை என்று வைத்தால் 3069.

சோதிக்க: எல்லாம் 0 என்ற நிலையில் தொடங்கி, எல்லாக் கியூபிட்டிலும் ஹடமார்ட் கேட்டை (இருமுறை போட்டால் பழைய நிலையே திரும்பும்) இருமுறை போட்டால் மறுபடி கியூபிட்டுக்கு ஒரு கணுதான் மிஞ்ச வேண்டும். மிகுந்தால் எடை டேபிளைப் பாருங்கள்.

கணுவுக்கு எப்படியும் 64 பைட் ஆகும். தற்போக்குச் சுற்றுகளில் கணுக்கள் 2ⁿ-இல் கால்பங்கைத் தாண்டினால் சாதாரண வெக்டரே சிக்கனம்.