கப்பல் கேப்டன் மூதாதையரைத் தேடுவது எப்படி? கிருஷ்ணகிரியில் உட்கார்ந்தபடியே ஒரு செய்முறை

கடலே இல்லாத மாவட்டத்தில் கப்பல் கேப்டனா என்று கேட்பார்கள். கேட்கட்டும். சென்னையிலிருந்து பெங்களூருக்குப் போகும் பாதை நம் கிருஷ்ணகிரி வழியாகத்தான் போகிறது. பட்டாளத்துக்காரர்கள், அதிகாரிகள், அவர்களுடைய குடும்பங்கள் எல்லாம் வந்து போன பாதை அது. கப்பல் ஓட்டியவர் சென்னைக் கரையோடு நின்றிருக்கலாம். மகன் ராணுவத்தில் சேர்ந்தோ, மகள் ஓர் அதிகாரியைக் கட்டிக்கொண்டோ ஓசூர்ப் பக்கம் வந்திருக்கலாம். அப்படிப்பட்ட குடும்பங்களின் கையில் இன்று இருப்பது கொஞ்சம்தான்: "தாத்தாவோட தாத்தா கப்பல் கேப்டன்" என்ற பேச்சு, முதல் பக்கத்தில் பிறந்த தேதிகள் எழுதிய ஒரு பழைய பைபிள், ஒரு கல்லறைக் கல்லின் போட்டோ.

இதை வைத்துத் தொடங்கலாம். ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: ஆளைத் துரத்தாதீர்கள், கப்பலைப் பிடியுங்கள். ஒரே பெயரில் நூறு பேர் இருப்பார்கள். கப்பலுக்கோ டன் அளவு, கட்டிய ஊர், கட்டிய ஆண்டு, முதலாளி என்று தனி அடையாளங்கள் உண்டு.

படி 1: எந்த கேப்டன்?

நம் பகுதியில் பழைய ஆவணத்தில் கேப்டன் என்று கண்டால் முதலில் சந்தேகப்படுங்கள். 1792 உடன்படிக்கையில் பாராமகால் (நம் கிருஷ்ணகிரி, தர்மபுரிப் பகுதியின் அன்றைய பெயர்) கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு வந்ததும் அதை நிர்வகிக்க வந்த அலெக்சாண்டர் ரீடும் கேப்டன்தான், ஆனால் ராணுவ கேப்டன். அவருக்கு உதவியாக இருந்தவர்தான் தர்மபுரியில் தங்கியிருந்த தாமஸ் மன்றோ. ராணுவக்காரர் என்றால் தேட வேண்டிய ஆவணங்களே வேறு.

கடல் கேப்டன்தான் என்று உறுதியானால் காலத்தைப் பாருங்கள். 1834-க்கு முன் என்றால் இரண்டு வகை. ஒன்று, லண்டனுக்கும் இந்தியா, சீனாவுக்கும் இடையே கிழக்கிந்தியக் கம்பெனிக்காக ஓடிய பெரிய கப்பல்கள். அவற்றின் கேப்டன்களுக்குத் தங்கள் சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றிக்கொள்ளும் உரிமை இருந்தது. சம்பளத்தைவிட அதில்தான் காசு. இன்னொன்று, ஆசியத் துறைமுகங்களுக்குள்ளேயே வியாபாரம் செய்த தனியார் கப்பல்கள். 1813-இல் கம்பெனியின் இந்திய வாணிக ஏகபோகம் போனது. 1833 சட்டத்தோடு சீன வியாபாரமும் போனது. அப்புறம் எல்லாமே தனியார் கப்பல்கள்தான்.

படி 2: ஊர்ப் பெயரை அவர்கள் காதால் கேளுங்கள்

கிருஷ்ணகிரி என்று தேடினால் ஒன்றும் வராது. அன்றைய ஆங்கில ஆவணங்களில் அது கிஸ்ட்னகெர்ரி. ராயக்கோட்டை, ராயகோட்டா. எழுத்துக்கூட்டல் ஆவணத்துக்கு ஆவணம் மாறும், நாலைந்து விதமாகப் போட்டுப் பாருங்கள். மாவட்டம் கேட்கும் கட்டத்தில் சேலம் என்று போடுங்கள். தர்மபுரி தனி மாவட்டமானது 1965-இல். கிருஷ்ணகிரி அதிலிருந்து பிரிந்தது 2004-இல்.

படி 3: கப்பலைப் பிடிப்பது

உங்கள் ஆள் 1850-க்குப் பிறகு கடலில் இருந்தவர் என்றால் அதிர்ஷ்டம். 1845-இல் விருப்பப்பட்டவர்களுக்கு மட்டும் என்று தொடங்கிய தேர்வு, 1850 சட்டத்துக்குப் பின் வெளிநாடு போகும் பிரிட்டிஷ் கப்பல்களின் கேப்டன்களுக்கும் மேட்களுக்கும் (கேப்டனுக்கு அடுத்த நிலை அதிகாரிகள்) கட்டாயமானது. அந்தச் சான்றிதழ்களைக் கிரீனிச்சில் உள்ள தேசிய கடல்சார் அருங்காட்சியகம் வைத்திருக்கிறது. ஆன்செஸ்ட்ரி (Ancestry) என்ற வம்சாவளித் தளத்தில் படங்களாகவே பார்க்கலாம். பிறந்த ஆண்டு, பிறந்த ஊர், சான்றிதழ் எண் மூன்றும் அதில் கிடைக்கும். எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த ஆவணத்தில் இருப்பவர் அதே ஆள்தானா என்று அந்த எண் காட்டிக்கொடுக்கும்.

அதற்கு முந்தியவர் என்றால் லாயிட்ஸ் ரெஜிஸ்டர். 1764-இலிருந்து வரும் கப்பல் பட்டியல் இது. பழைய தொகுதிகள் இணையத்தில் இலவசம். ஒரு வரி ஒரு கப்பல். இடது ஓரத்தில் கப்பலின் பெயர், பக்கத்தில் கேப்டன் பெயர் (பெரும்பாலும் குடும்பப் பெயர் மட்டும்), பிறகு டன் அளவு, கட்டிய இடம், ஆண்டு, முதலாளி, போகும் துறைமுகம். எல்லாம் சுருக்கெழுத்தில் இருக்கும்; பக்கத்தைப் பெரிதாக்கி நிதானமாகப் படியுங்கள். அடுத்தடுத்த ஆண்டுகளையும் புரட்டினால் அவர் எந்த ஆண்டு ஏறினார், எப்போது இறங்கினார் என்பது தெரியும். கம்பெனிக் கப்பல் என்றால் பயணக் குறிப்பேடுகள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களுக்குள் (இந்திய ஆட்சி தொடர்பான பழைய ஆவணத் தொகுப்பு) இருக்கின்றன.

பழகிப் பார்க்க ஒரு கப்பலைச் சொல்கிறேன்: ஏர்ல் ஆஃப் அபெர்கவென்னி. 1805 பிப்ரவரியில் இங்கிலாந்தின் வேமவுத் அருகே மூழ்கியது. 250-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். கேப்டன் ஜான் வேர்ட்ஸ்வொர்த், கவிஞர் வில்லியம் வேர்ட்ஸ்வொர்த்தின் தம்பி. அந்தப் பயணச் சரக்கில் கவிஞர் வீட்டுப் பணமும் போட்டிருந்தது. வேடிக்கை என்னவென்றால், அதே கப்பலில் அவருக்கு முன் கேப்டனாக இருந்தவரும் ஜான் வேர்ட்ஸ்வொர்த்தான், ஒன்றுவிட்ட அண்ணன். பெயரும் பொருந்துகிறது, கப்பலும் பொருந்துகிறது, ஆனால் ஆள் வேறு! ஆண்டையும் சேர்த்துப் பார்க்காமல் விட்டால் இப்படித்தான் அடுத்தவர் தாத்தாவை நம் வீட்டுக்குக் கூட்டி வந்துவிடுவோம்.

படி 4: மனைவி, மக்கள்

கப்பல் ஆவணத்தில் குடும்பம் இருக்காது. அது தேவாலயப் பதிவேட்டில் இருக்கும். சென்னை கோட்டையில் உள்ள புனித மேரி தேவாலயத்தின் பதிவுகள் 1680-இலிருந்து தொடங்குகின்றன. சென்னை மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கப் பதிவுகளின் நகல்கள் 1698-இலிருந்து லண்டனில் உள்ளன. என்/2 என்று வரிசை எண் போட்டிருப்பார்கள். பிரிட்டிஷ் இந்தியக் குடும்ப வரலாற்றைத் தேடுவோரின் ஃபிபிஸ் (FIBIS) சங்கத் தளத்திலும், ஃபேமிலிசர்ச் (FamilySearch) தளத்திலும் இலவசமாகத் தேடலாம். மூலப் படம் வேண்டுமென்றால் ஃபைண்ட் மை பாஸ்ட் (Findmypast) என்ற தளத்துக்குக் காசு கட்ட வேண்டும். இலவசத்தில் பெயரும் ஆண்டும் கிடைத்த பிறகு ஒரு மாதத்துக்குக் கட்டினால் போதும்.

ஞானஸ்நானப் பதிவில் தகப்பன் பெயர் மட்டும் இருந்து, தாயின் இடத்தில் சுதேசிப் பெண் என்பதுபோல் ஒரு சொல்லோ, வெறும் கோடோ இருந்தால் அங்கேயே நின்றுவிடாதீர்கள். அந்தக் குடும்பங்களில் தமிழ்ப் பெண்களின் பெயர் மறைந்துபோனது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அடுத்து உயிலைத் தேடுங்கள். பதிவேட்டில் பேர் சொல்லாத மனிதர்கள்கூட, சாகும் முன் இன்னாருக்கு மாதம் இவ்வளவு பகோடா (அன்றைய நாணயம்) என்று எழுதும்போது பேர் சொல்லியாக வேண்டும். சென்னையில் நிரூபிக்கப்பட்ட உயில்களின் நகல்களும் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உண்டு. 1858-க்கு முன் இங்கிலாந்தில் சொத்து வைத்திருந்தவர் என்றால் லண்டனின் கியூ (Kew) பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்திலும் பாருங்கள்.

1816-இலிருந்து 1845 வரை வந்த ஏசியாட்டிக் ஜர்னலையும் விடாதீர்கள். இந்தியாவில் நடந்த கல்யாணம், சாவு, கப்பல் வரவு, பயணிகள் பெயர் எல்லாம் மாதாமாதம் அதில் வந்தன. கூகுள் புக்ஸில் இருக்கிறது.

படி 5: கல்லறைக் கல்

இதற்கு மட்டும் வண்டி எடுக்க வேண்டும். சர்ச் ஆட்களிடம் அனுமதி கேட்டுவிட்டுப் போங்கள். காலையிலோ மாலையிலோ வெயில் பக்கவாட்டில் விழும்போது எழுத்து நிழலோடு தெளிவாகத் தெரியும். உச்சி வெயிலில் ஒன்றும் தெரியாது. சுண்ணாம்புக் கட்டியால் தேய்ப்பது, கம்பி பிரஷ் போடுவது கூடவே கூடாது, கல் போய்விடும். தண்ணீரை லேசாகத் தெளித்தால் போதும். கல்லே காணாமல் போயிருந்தால், சென்னை மாகாணக் கல்லறை வாசகங்களை 1905-இல் ஜே. ஜே. காட்டன் தொகுத்த நூலில் சேலம் மாவட்டப் பகுதியைப் பாருங்கள். முக்கியமானவை என்று அவர் கருதியவை மட்டும் இருக்கும்.

கல்லில் ஒரு கப்பல் பெயர் தென்பட்டால், அதை எழுதிக்கொண்டு மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.