கார் இல்லாமல் தீவுச் சுற்றுலா: அறையைப் படகுத்துறை பக்கம் போடுங்கள்

வாடகைக் கார் எடுக்காமல் ஒரு தீவுக்குப் போவதாக இருந்தால், அழகான கடற்கரையைப் பார்த்து அறை போடாதீர்கள். படகுத்துறையிலிருந்து பெட்டியை உருட்டிக்கொண்டே நடந்து போகிற தூரத்தில் போடுங்கள்.

சின்னத் தீவுகளில் பேருந்துகள் பெரும்பாலும் துறைமுக ஊரிலிருந்துதான் கிளம்பும். பல இடங்களில் படகு வரும் நேரத்தை ஒட்டியே ஓடும். அங்கே தங்கினால் தினம் ஒரு திசையில் ஒரே பேருந்தில் போய்த் திரும்பலாம். ஒதுக்குப்புற விடுதி என்றால் எங்கே போவதற்கும் முதலில் துறைமுகத்துக்கு வந்து வண்டி மாற வேண்டியிருக்கும். துறைமுகப் பக்கம் தங்கினால், திரும்புகிற அன்று காலைப் படகைப் பிடிக்க டாக்சி தேடுகிற பாடும் இல்லை.

அப்புறம், கால அட்டவணையில் முதல் வண்டியை விடுங்கள், கடைசி வண்டியைப் பாருங்கள். சாயங்காலமே முடிந்துவிடுகிற தடங்கள் உண்டு. அடியில் பொடி எழுத்தில் ‘ஞாயிறு, விடுமுறை நாட்கள் நீங்கலாக’ என்று ஒரு வரி இருக்கும். ஆளைக் கவிழ்ப்பது அதுதான்.

சீசன் முடிந்த மாதங்களில் இது அவ்வளவு கைகொடுக்காது, பேருந்தே குறைந்துவிடும். துறைமுகம் ஊரைவிட்டுத் தள்ளியிருந்தால் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் அறை பாருங்கள்.