ரெண்டரை வயசுப் பிள்ளையோட ஏ9இல போறது எப்பிடி (சத்தி இல்லாமல்)

முதல் தடவை யாழ்ப்பாணத்திலயிருந்து ஏ9 றோட்டால கொழும்புக்கு வெளிக்கிட்ட நாங்கள் கிளிநொச்சி வாறதுக்குள்ள மகளுக்கு மூண்டு உடுப்பு மாத்தினம், முறிகண்டியில பிள்ளையாரைக் கும்பிட இறங்கேக்க அவ போட்டிருந்தது தேப்பன்ட ரீசேட். அதுக்குப் பிறகு எத்தினையோ தரம் போய் வந்திட்டம், இப்ப பயமில்லை. நாங்கள் செய்யிறதை வரிசையா எழுதுறன்.

காரணம் சின்னது. காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு 'ஆடுறம்' எண்டு மூளைக்குச் சொல்லும், கண் முன் சீட்டின்ட முதுகைப் பாத்துக்கொண்டு 'ஒண்டும் அசையேல்லை' எண்டு சொல்லும், ரெண்டும் ஒத்துவராட்டி வயித்தைப் பிரட்டும்.

1. சாப்பாடு. வெளிக்கிட ஒரு மணித்தியாலத்துக்கு முதல் ரெண்டு இட்டலி இல்லாட்டி கொஞ்ச இடியப்பம், சொதி வேண்டாம். வெறும் வயித்தோட ஏத்தினாலும் பிரட்டும். வழியில பால் போத்தில் குடுக்காதேங்கோ, கிறீம் கிறாக்கரும் தண்ணியும் காணும்.

2. சீட். நடுச் சீட்டில மூண்டு முனை பெல்ட் இருந்தால் பிள்ளையின்ட சீட்டை அங்க பூட்டுங்கோ, முன் கண்ணாடியால றோட்டு தெரியும். போனில காட்டூன் போட்டுக் குடுக்கிறது வேண்டவே வேண்டாம், அழுதாலும் பரவாயில்லை. மாடு எண்ணுறம், பனை எண்ணுறம். ஆனையிறவில ரெண்டு பக்கமும் வெட்டவெளி, தூரத்தைப் பாத்துக்கொண்டே போகலாம், அங்க அவ ஒருநாளும் சத்தி எடுத்ததில்லை. சாவகச்சேரி, கொடிகாமம் பக்கம் பஸ்ஸுக்கும் ஓட்டோவுக்கும் பிரேக் அடிச்சு அடிச்சுப் போற துண்டுதான் எங்களுக்கு ஆகாதது. எயார் பிரெஷ்னரைக் கழட்டி வீட்டில வையுங்கோ, அந்த மணம் எனக்கே பிரட்டும்.

3. கொட்டாவி. இதிலதான் நான் ஏமாந்தன். பெரிய ஆக்கள் 'பிரட்டுது, நிப்பாட்டுங்கோ' எண்டு சொல்லுவம், ரெண்டு வயசுப் பிள்ளைக்கு அந்தச் சொல்லே தெரியாது. மகள் கொட்டாவி விட்டா, நான் நித்திரை வருது எண்டு நினைச்சு ஷட்டரை ஏத்தி, ஏசியைக் கூட்டி, துவாயால போத்து விட்டன், அஞ்சு நிமிசத்தில துவாய் முழுக்க. அடுத்த முறையும் இதே கூத்து. மூண்டாந்தரம்தான் கவனிச்சன், நித்திரைக் கொட்டாவி எண்டால் கண்ணைக் கசக்குவா, இது அப்பிடியில்லை, முகம் வெளிறும், நெத்தி சில்லெண்டு வேர்க்கும், வீணி கூட வடியும், அவ்வளவு நேரம் கதைச்ச பிள்ளை திடீரெண்டு பேசாமல் இருக்கும். ரெண்டு அடையாளம் சேர்ந்து கண்டால் ஷட்டரை இறக்கி, கரையா நிப்பாட்டக்கூடிய இடம் பாத்து உடன நிப்பாட்டுங்கோ, 'அடுத்த கடையில நிப்பம்' எண்ட கதை வேண்டாம். இறக்கி மர நிழலில பத்து நிமிசம் நடக்க விட்டால் பாதி நாள் அதோட அடங்கிடும். ஓடுற வாகனத்தில மட்டும் பெல்ட்டைக் கழட்டி மடியில எடுக்காதேங்கோ, பிரேக் அடிச்சால் பிள்ளை கையில நிக்காது.

4. பிடிக்கிற சாமான். சொப்பிங் பாக் எனக்குப் பிடிக்காது, ஓட்டை இருக்கும், சின்னப்பிள்ளை முகத்தில இழுத்தால் மூச்சும் அடைக்கும். ஒரு லீட்டர் ஐஸ்கிறீம் பெட்டி மூடியோட, அதுக்கு மேல ஒண்டும் இல்லை. மூடினால் மணம் வெளிய வராது, அந்த மணத்திலதான் அடுத்த சத்தி தொடங்கிறது.

5. எடுத்த பிறகு. உடன சாப்பாடு குடுக்காமல் கரண்டி கரண்டியா தண்ணி. திரும்பத் திரும்ப எடுத்தால் பைக்கற்றில போட்டிருக்கிற அளவுக்குக் கரைச்ச ஜீவனி (உப்புச் சீனிக் கரைசல்).

பயணச் சத்திக் குளிசை விசயம். மாமி 'அரைக் குளிசை குடுத்தால் படுத்திடும்' எண்டு சொன்னவ, நான் கேக்கேல்லை. புரோமெதசின் (சத்திக்குக் குடுக்கிற, நித்திரை வரப்பண்ணுற மருந்து) சேர்ந்த மருந்து ரெண்டு வயசுக்குக் கீழ குடுக்கவே கூடாது, மூச்சு மந்தமாகும். அதுக்கு மேல எண்டாலும் டொக்டர் நிறை பாத்து எழுதித் தரவேணும். இஞ்சி ரொபியும் வேண்டாம், தொண்டையில சிக்கும். தேசிக்காயைக் கீறி மணக்கக் குடுக்கிறதை மட்டும் அம்மம்மாவுக்காக விட்டு வைச்சிருக்கிறன், கெடுதல் இல்லை.

பிறகு சேர்த்தது: ஒரு தங்கச்சி கேட்டிருந்தா, பிள்ளைக்கு ஒண்டரை வயசு, பின்பக்கம் பாத்த சீட், முன்னுக்குத் திருப்பினால் சத்தி நிக்குமோ எண்டு. திருப்பாதேங்கோ, அந்த வயசில கழுத்துக்கு அதுதான் பாதுகாப்பு. இன்னொண்டு, ரெண்டு வயசுக்குக் கீழ பயணச் சத்தி குறைவு, ஆனபடியால் அடிக்கடி எடுத்தால் வேற வருத்தம் ஏதும் இருக்கோ எண்டு டொக்டரிட்ட ஒருக்கா காட்டுங்கோ.

இன்னும் ரெண்டு பேர் சீட் கழுவுறதைப் பற்றிக் கேட்டினம். கவரைக் கழட்டித் தோய்க்கலாம், நாத்தத்துக்கு அப்பச்சோடா தூவி ஒரு இரவு விட்டுத் தட்டுங்கோ. பெல்ட் வாரை மட்டும் ஊறப்போடாதேங்கோ, பலம் குறையும், ஈரத்துணியால துடைச்சு நிழலில காய விடுங்கோ.